ஆட்சேபணை ஏதும் இருப்பின்

ஜனவரி 7

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன், இருமல் விட்டுவிட்டது. அங்கே நீ, அப்பா, உன் குட்டிப்பொண்ணு வாலு மூன்று பேரும் எப்படி? மழைக்குப் பிறகு அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா லாரியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தாரா, இல்லை இந்த மாதமும் ரோட்டில்தானா?

விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் நர்ஸ்கள். நான் குளிக்கப் போகும்போது அவர்கள் வேலை முடிந்து வந்து படுக்கிறார்கள். ஒருத்தியின் கன்னத்தில் மச்சம் இருப்பது ஒரு மாதம் கழித்து நேற்றுதான் தெரிந்தது.

அலுவலகத்தில் என்னைப் புதுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பெயர், மக்கள் பங்கேற்புப் பிரிவு. சிரிக்காதே. ஒரு ஊரில் நூலகத்தையோ மருந்தகத்தையோ மாற்றுவது, மூடுவது என்றால் முதலில் அங்கே இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கூப்பிடுகிற அறிவிப்பை எழுதுவதும், கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் என் வேலை. வாய் திறக்க வேண்டியதே இல்லை. எனக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி.

முதல் அறிவிப்பை எழுதிக் கொடுத்ததும் எங்கள் பிரிவுத் தலைவர் மேடம் இரண்டு முறை படித்தார். "ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். எங்கம்மா படிச்சே?" என்றார். கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அதற்கு முன்னால் எங்கே என்று கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். நான் அலமாரியைப் பார்த்தபடி உட்காருவேன். அலமாரி என்னை எதுவும் கேட்பதில்லை.

வாலுவுக்கு என் முத்தம். பதில் போடு.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
உன் தங்கச்சி

ஜனவரி 20

தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் உசுரோட இருக்கோம். அப்பாவுக்கு ஒரு முழங்கால் பரவாயில்ல, இன்னொன்னு அதைப் பாத்துப் பொறாமைப்பட்டு இப்போ வீங்கியிருக்கு. உன் மாமா ரெண்டு நாள் வந்தார். வாலு அவரைப் பாத்து "யாரு?"ன்னு கேட்டா. மனுசன் முகம் செத்துப்போச்சு.

மக்கள் பங்கேற்பா? நம்ம தெருவுக்கு அதெல்லாம் சொல்லித் தரணுமாடி? குழாயடியில ரெண்டு பேர் குரலை உசத்தினா போதும், கூப்பிடாமலே நாற்பது பேர் பங்கேற்பாங்க.

வாலுவை விடுற பிள்ளைங்க காப்பகத்துலதான் கஷ்டமா இருக்கு. ரெண்டு ஆயாவுல ஒருத்தர் ஓய்வு வாங்கிட்டாங்க, பதிலுக்கு ஆள் போடல. இப்போ நாற்பத்தியொரு பிள்ளைக்கும் நம்ம ஆயாம்மா ஒருத்தர்தான். ஒண்ணுக்கு மூக்கைத் துடைச்சுட்டு வரிசையா வந்தா, கடைசிப் பிள்ளைகிட்ட போறதுக்குள்ள முதல் பிள்ளைக்கு மறுபடி ஒழுகுதாம். ஆனா ஒரு நாள் கூட மூடினதில்ல. ஏழரைக்கு அங்க விட்டுட்டு ஓடினாதான் எட்டு மணிக்குத் தையல் கம்பெனி கேட்டுக்குள்ள நான் நுழைய முடியும். அப்பாவால அவ பின்னால ஓட முடியாது. அந்தக் காப்பகம் இல்லன்னா நான் காலர் தைக்கிறதும் இல்ல.

அலமாரியைப் பாத்துச் சாப்பிடாதே. மனுசங்களைப் பாத்துச் சாப்பிடு, அப்போதான் ஒட்டும்.

உன் அக்கா

பிப்ரவரி 5

அக்காவுக்கு,

நான் சுகம். அப்பாவின் இரண்டாவது முழங்காலுக்கும் என் வணக்கம். விடுதி நர்ஸ் சொன்ன தைலத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

இங்கே வேலை கூடிவிட்டது. எந்த ஊரைப் பார்த்தாலும் ஆள் பற்றாக்குறை. மேடம் நல்லவர். சத்தம் போடமாட்டார். ஆனால் ஒரு தாளை என் முன்னால் வைத்தார்: பதினொரு இடம், ஏழு ஆள். "இதை எந்தப் பக்கம் மடிச்சாலும் ஒரு பக்கம் கிழியும்" என்றார். அவர் மீது கோபப்பட முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். காப்பகத்துக்குத் தினமும் நாற்பத்தியொன்றும் வருகிறதா? ஏதாவது கூட்டம் என்றால் அம்மாக்கள் வருவார்களா? காலை பதினொரு மணி என்றால் யாருக்காவது வசதிப்படுமா? எங்கள் பிரிவில் பொதுவாக இதையெல்லாம் யோசிக்கிறோம், அதனால் கேட்டேன்.

தட்டச்சர் ஒருவர் இருக்கிறார். வாய் ஓயாது. போன வாரம் அவர் சொன்ன ஒன்றுக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். என்ன என்று எழுதும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
தங்கச்சி

பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். தைலம் வேலை செய்யுது. ஆனா அந்த வாடைக்கு வாலு தாத்தா பக்கமே போறதில்ல.

பதினொரு மணிக்குக் கூட்டம்னா யார் வருவாங்க? அந்த நேரத்துல நாங்க அம்பது பேரும் மெஷினுக்குப் பின்னாலதானே இருப்போம். நீ அதை ஏன் கேட்டேன்னு புரியல. அது கிடக்கட்டும், இங்க நடந்ததைக் கேளு.

காப்பகம் கேட்டுல ஒரு தாள் ஒட்டியிருக்காங்க. மேல சீல், கீழ சீல், நடுவுல எறும்பு எறும்பா எழுத்து. ஆயாம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "நீ படிச்சுச் சொல்லு"ன்னு என்னை நிறுத்திட்டாங்க. மூணு தடவை படிச்சேன். வாய் வலிச்சதுதான் மிச்சம். அப்படியே எழுதி அனுப்புறேன், நீ படிச்சவ, அர்த்தம் சொல்லு:

"மேற்குறிப்பிட்ட பொருள் தொடர்பாக, சிறார் பகல்நேரப் பராமரிப்பு மையங்களின் ஒருங்கிணைப்பு குறித்துப் பயனாளிகள் தத்தம் கருத்துகளையும், ஆட்சேபணை ஏதும் இருப்பின் அவற்றையும் எழுத்துப்பூர்வமாகச் சமர்ப்பிக்கும் வண்ணம், மார்ச் 14ஆம் நாள் புதன்கிழமை முற்பகல் 11 மணியளவில் நகர மன்றக் கூடத்தில் நடைபெறவிருக்கும் கருத்துக் கேட்பு அமர்வில் பங்கேற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

யாரடி இந்தப் பயனாளிகள்? எங்கிருந்து வர்றாங்க? சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன், "இது ஆபீசர்களுக்குள்ள ஏதோ"ன்னுட்டார். ஒருங்கிணைப்புன்னா கேக்க நல்ல வார்த்தையாத்தான் இருக்கு. இதை எழுதின புண்ணியவான் வீட்டுலயும் இப்படித்தான் பேசுவாரா? "மேற்குறிப்பிட்ட சோறு தொடர்பாக, உப்பு ஏதும் குறைந்திருப்பின்"னு? அவர் பொண்டாட்டியை நினைச்சா பாவமா இருக்கு. லைன்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

சிரிச்சுட்டு வந்துட்டோம், ஆனா எனக்கு உறுத்துது. இது எங்களுக்கா? நாங்க போகணுமா? போகணும்னா அம்பது பேரும் லீவு கேக்கணும், அதுக்கு முன்கூட்டியே சொல்லணும். உடனே எழுது.

உன் அக்கா

மார்ச் 9

தங்கச்சிக்கு,

உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. உடம்பு சரியில்லையா? அப்பா தினம் தபால்காரரை நிறுத்தி, "இருக்கா?"ன்னு கேக்குறார். அவர் நேத்து, "ஐயா, இருந்தா நானே குடுப்பேன், ஒளிச்சு வச்சு நான் என்ன பண்ணப் போறேன்"ன்னு சொல்லிட்டுப் போனார்.

புதன்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. லைன்ல எல்லாரும் "உன் தங்கச்சி என்ன சொன்னா?"ன்னு கேக்குறாங்க. தெரியாம எப்படி லீவு கேக்குறது?

ரெண்டே வரி போதும்.

அக்கா

மார்ச் 5

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வேலை அதிகம். அப்பாவும் வாலுவும் நலம்தானே?

நீ கேட்ட தாளின் பொருள் இதுதான். நம் காப்பகத்தையும் இன்னும் இரண்டையும் மூடிவிட்டு, பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள ஒன்றில் சேர்க்கப் போகிறார்கள். அது எட்டரைக்குத்தான் திறக்கும். பயனாளிகள் என்றால் நீங்கள்தான். வேண்டாம் என்பவர்கள் ஒரு தாளில் எழுதி, பெயர் போட்டு, 14ஆம் தேதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் கணக்கில் வராது. யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம்.

வேறு விசேஷம் இல்லை. வெயிலில் அலையாதே.

உன் தங்கச்சி

மார்ச் 21

தங்கச்சிக்கு,

நாங்க நல்லா இருக்கோம்.

அஞ்சாம் தேதின்னு போட்ட உன் லெட்டர் முந்தாநாள், பத்தொன்பதாம் தேதி வந்துச்சு. ரொம்பத் தெளிவா எழுதியிருந்தே. வாலுவுக்குப் படிச்சுக் காட்டினா அவளுக்கே புரியும். உறையைத் திருப்பிப் பாத்தேன். உங்க ஊர் முத்திரையில பதினாறுன்னு இருக்கு. தபால் பெட்டி உங்க விடுதி வாசல்லயே இருக்குன்னு நீ சொன்னதா ஞாபகம்.

கூட்டத்துக்கு எங்க லைன்ல இருந்து யாரும் போகல. ஆயாம்மாதான், "சீல் வச்சிருக்கானுங்க, என்னதான்னு பாத்துட்டு வர்றேன்"னு பிள்ளைங்களைப் படுக்க வச்சுட்டு, பக்கத்து வீட்டுப் பொண்ணைக் காவல் வச்சுட்டு, தூங்காத ஒண்ணை மட்டும் இடுப்புல தூக்கிட்டுப் போனாங்க. தூங்காதது எதுன்னு உனக்குச் சொல்லணுமா?

கடைசி வரிசையில நின்னு, "ஐயா, பிள்ளைங்க எங்க போகும்?"னு கேட்டாங்களாம். பெரிய அதிகாரி மரியாதையாத்தான், "எழுதிக் குடுங்கம்மா"ன்னாராம். எழுதத் தெரியாதுன்னு சொல்லக் கூச்சப்பட்டு உக்காந்துட்டாங்க.

வந்து சொன்னாங்க, "மேஜைகிட்ட கண்ணாடி போட்டுக் குறிப்பெழுதிட்டு ஒரு பொண்ணு இருந்துச்சு, அச்சு அசல் உன் தங்கச்சி. நம்ம வாலு அதைப் பாத்துச் சித்தி, சித்தின்னு ஒரே கத்து. அந்தப் பொண்ணு தலையைத் தூக்கவே இல்ல"ன்னு.

நான் சொன்னேன், "அவளா இருக்காது ஆயாம்மா. அவ இந்த ஊருக்கு வந்துட்டு அப்பாவைப் பாக்காமப் போவாளா?"ன்னு.

நேத்து ஆர்டர் ஒட்டிட்டாங்க. மே ஒண்ணுல இருந்து மூடுறாங்க. "பயனாளிகள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் வரவில்லை"ன்னு போட்டிருக்கு.

சரி. வேற என்ன எழுத.

அக்கா

ஏப்ரல் 1

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

அது நான்தான்.

தாளை எழுதியவளும் நான்தான். உப்புக் குறைந்த சோற்றைப் பற்றி நீ எழுதியதை விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உன் கோணல் எழுத்தில் என் வாக்கியத்தைப் பார்த்தேன். முதல் அறிவிப்பில் மேடம் ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம் என்ற அதே வாக்கியம், பொருளும் நாளும் மட்டும் வேறு. நீ வாய் வலிக்க மூன்று முறை படித்திருக்கிறாய்.

தட்டச்சர் சொன்னதற்குச் சிரித்தேன் என்று எழுதினேன் அல்லவா? அவர் சொன்னது இது: "அந்தத் தெருப் பொம்பளைங்க பிள்ளையை மூட்டை மாதிரி எறிஞ்சுட்டுப் போவாங்க, சாயங்காலம் அடையாளம் பாத்து எடுத்துட்டுப் போவாங்க." அன்றுதான் நம் ஊர்க் கோப்பு வந்திருந்தது. "இதுல சம்பந்தப்பட்டவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லுங்க, வேற கோப்பு தர்றேன்" என்று மேடம் கேட்டார். சிரித்த வாயை மூடி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எப்படிச் சொல்வேன், அந்தத் தெருதான் என் தெரு என்று? கோப்பை வாங்கிக்கொண்டேன்.

உனக்குப் பதிலை ஐந்தாம் தேதியே எழுதிவிட்டேன். அது பொய் இல்லை. எழுதி உறையில் போட்டு ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். தினமும் தபால் பெட்டியைத் தாண்டிப் போனேன். கடமை, பாரபட்சம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: நீ வந்துவிடக் கூடாது. நீ வந்தால் என்னைப் பார்த்து, "அடியே!" என்று எல்லோர் முன்னாலும் கூப்பிடுவாய்.

நீ வரவில்லை. அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது மூன்று பேர். ஒருவர் தண்ணீர்க் குழாய்க் கூட்டம் என்று நாள் மாறி வந்தவர், போய்விட்டார். ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர். மூன்றாவது ஆயாம்மா.

வாலு கூப்பிட்டபோது மேடம் சிரித்துக்கொண்டே, "யாரைக் கூப்பிடுது?" என்றார். நான், "கண்ணாடி போட்டவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும் போல, மேடம்" என்றேன். அக்கா, அந்தக் கூட்டத்தில் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். பிறகு குனிந்து, ஆட்சேபணை ஏதும் வரவில்லை என்று எழுதினேன். ஆயாம்மா கேட்டது காதில் விழுந்தது. எழுத்தில் வராததால் எழுதவில்லை.

திரும்பும்போது டீ குடிக்க ஜீப்பை நம் தெருமுனையில் நிறுத்தினார்கள். வீட்டுக் கொடியில் அப்பாவின் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நான் இறங்கவில்லை.

இப்போதும் ஒரு வழி இருக்கிறது. ஆர்டர் வந்த முப்பது நாளுக்குள் ஐம்பது பேர் எழுதிக் கொடுத்தால் மறுபடி விசாரிக்க வேண்டும். நானே அழகாக ஒரு மனு எழுதி அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

உன் தங்கச்சி என்று எழுதக் கை கூசுகிறது.

ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

நாங்க நலம். நீ நலமான்னு நான் இந்தத் தடவை கேக்கல.

மனு எழுதி அனுப்பாதே. உன் அழகு எழுத்து போதும்டி, ஒரு தடவை அனுபவிச்சாச்சு.

நான் ஏழாவதோட நின்னவ. ஏன் நின்னேன்னு இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவை கேட்டதில்ல. நீ பொறந்தப்போ இங்க காப்பகம் கிடையாது. அம்மா வேலைக்குப் போகணும், உன்னை யாரு பாப்பா? நான்தான் பாத்தேன். உன்னை இடுப்புல வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு பாடம் கேப்பேன். நீ அழுவே. டீச்சர் வந்து, "அந்தாண்ட போம்மா"ன்னு சொல்லுவாங்க. உனக்கு மூணு வயசு முடிஞ்சப்போதான் அம்மாவும் இன்னும் முப்பது பேரும் நகராட்சி வாசல்ல நாலு நாள் உக்காந்து இந்தக் காப்பகத்தை வாங்கினாங்க. மனு எழுதி இல்ல, உக்காந்து. இதை உனக்குச் சொல்லக்கூடாது, சொன்னா உனக்குப் படிப்பு பாரமாயிடும்னு அம்மா கண்ணை மூடுறதுக்கு முன்னால சத்தியம் வாங்கியிருந்தா. இன்னைக்கு உடைச்சுட்டேன். கோபத்துலதான் உடைச்சேன். அதுக்கு நான் வெக்கப்படுறேன், ஆனா திரும்ப எடுத்துக்கப் போறதில்ல.

தாள் நாங்களே எழுதியாச்சு. சாப்பாட்டு நேரத்துல மெஷின் மேலயே வச்சு எழுதினோம். எழுதத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன், சொன்ன மாதிரியே. பட்டன் வைக்கிற அக்கா, "மூட மாட்டேன்னு சொல்ற வரைக்கும் என் பிள்ளையை ஆபீசர் மேஜையில கொண்டாந்து விடுவேன், அவன் எல்லாத்தையும் கடிப்பான்"னு சொன்னாங்க. அதையும் எழுதிட்டேன். அறுபத்திநாலு தாள். உன் மாமா அந்தப் பக்கம் லோடு போறப்போ கொண்டு குடுத்துடுவார். உன்கிட்ட இல்ல, தபால் வாங்குற ஜன்னல்ல.

அப்பாகிட்ட எதுவும் சொல்லல. "என் சின்னப் பொண்ணு கவர்மெண்ட்டுல மக்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்றா"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்கார். எப்படி வாயைத் திறப்பேன்?

விசாரணை என்னைக்கு, எந்த மாடி, பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா, இது மட்டும் எழுது. நீ அன்னைக்கு மேஜைக்கு எந்தப் பக்கம் உக்காருவேன்னு நான் கேக்க மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

அறுபத்திநாலு தாளும் ஜன்னலில் பதிவாகிவிட்டன. விசாரணை எங்கள் அலுவலகத்தில், ஏப்ரல் 24, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. மூன்றாவது மாடி, படியேறியதும் இடப்பக்க அறை. லிஃப்ட் ஓடாது. பிள்ளைகளோடு வரலாம். விதிப்புத்தகம் முழுக்கப் பார்த்துவிட்டேன், தடை இல்லை. தண்ணீர்ப் பானை இரண்டாவது மாடியில் இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம்.

நீ கேட்காத கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இதை இன்றே, இந்த நிமிடமே பெட்டியில் போடுகிறேன்.

தங்கச்சி

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார்கள். பட்டன் அக்காவின் பையனுக்குப் பஸ்ஸில் வாந்தி வந்ததா? கிளம்பும்போதே முகம் சரியில்லை. வாலு எப்படி இருக்கிறாள்? ஆயாம்மாவின் இடுப்பில் படியேறி வந்தாள். என்னை இந்தத் தடவை கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

நீ வரவில்லை. ஏன் என்று உன் பக்கத்து மெஷின் காலர் லைன் அக்கா சொன்னாள். வந்தவர்களின் மெஷினையும் சேர்த்து நீ ஓட்டினால்தான் அவர்களுக்கு லீவு என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன். வந்தவர்கள் சொல்லியிருந்தாலும் நானும் சொல்ல வேண்டும்.

இருபத்திமூன்று பெண்கள், பதினொரு பிள்ளைகள். நாற்காலி இருபதுதான். நான் மேஜைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன், மேடத்துக்கும் தட்டச்சருக்கும் நடுவில். காலையில் எழுந்து, இன்று சொல்லிவிட வேண்டும் என்று பல் தேய்க்கும்போது நினைத்தேன். மேஜைக்கு வந்ததும் கால் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அதையும் உனக்கு மறைக்கவில்லை.

பெரிய அதிகாரி தாள்களைப் புரட்டினார். "இந்தக் கையெழுத்தை எல்லாம் யார் படிக்கிறது? ஒரே விஷயம்தானே, சுருக்கி அரைப் பக்கம் எழுதிக் குடுங்க" என்று என்னிடம் நீட்டினார். நன்றாகச் சுருக்குவேன் என்று அவருக்குத் தெரியும். "படிக்கிறேன் சார்" என்றேன். என் குரல்தான் என்று மேடத்துக்கே தெரியவில்லை போல, திரும்பிப் பார்த்தார்.

முதல் இரண்டு தாள் யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "சத்தமாப் படிம்மா! எழுதினது நாங்க, எங்களுக்கே கேக்கல." எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகப் படித்தேன். மேஜையைக் கடிக்கப் போகிறவனைப் பற்றிய தாளுக்குப் பெரிய அதிகாரியே சிரித்துவிட்டார். கடிப்பவன் அப்போது மேடத்தின் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினேழாவது தாள் உன்னுடையது. "ஏழரைக்குத் திறக்கிற காப்பகம் இருந்தா நான் வேலைக்குப் போவேன். இல்லன்னா போக முடியாது. அப்பாவால நடக்க முடியாது. வீட்டுக்காரர் லாரியில. வேற யாரும் எனக்கு இல்ல."

கடைசி வரியைப் படித்து முடித்தேன். அடுத்த தாளை எடுக்க முடியவில்லை.

"என்னம்மா?" என்றார் பெரிய அதிகாரி.

"இதை எழுதினது எங்க அக்கா சார். அந்தத் தெருதான் என் தெரு. போன தடவை குழந்தை கூப்பிட்டது என்னைத்தான். அந்த ஆயாம்மா கேட்ட கேள்வியை நான்தான் எழுதாம விட்டேன்."

தட்டச்சர் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார். மேடம் சத்தம் போடவில்லை. "அன்னைக்கே கேட்டேனேம்மா" என்றார், மெதுவாக. "கேட்டீங்க மேடம்." சம்பந்தப்பட்டவர் மேஜையில் இருக்கக் கூடாது, எழுந்து போங்கள் என்றார்கள். மிச்சம் நாற்பத்தியேழு தாளையும் தட்டச்சர்தான் படித்தார். ஒவ்வொன்றாக, முழுசாக.

முடிவை நீ கேட்டிருப்பாய். மே ஒன்றாம் தேதி மூடுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மே 11, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் காப்பகத்திலேயே கூட்டம். வாயால் சொன்னாலும் பதிவு செய்வார்கள். இரண்டாவது ஆயா பற்றிப் "பரிசீலிக்கப்படும்" என்றார்கள். அந்தச் சொல்லை நம்பாதே. நான் அதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடாமல் கேளுங்கள். ஆள் இல்லை என்பது பொய் இல்லை, ஆனால் அது உங்கள் குற்றமும் இல்லை.

என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து தபால் அனுப்பும் பிரிவு. வேலை போகாது என்று நினைக்கிறேன். போனாலும் நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

எழுந்து போகச் சொன்னார்கள் என்றேன் அல்லவா? எங்கே போவது என்று தெரியவில்லை. கதவுப் பக்கம் போனால் ஓடுவது போல இருக்கும். நாற்காலி ஒன்றும் காலி இல்லை. நம் தெருப் பெண்கள் இருபத்திமூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கடைசியில் காலர் லைன் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து, "உக்காரு, பிள்ளை காலை மிதிச்சுடாதே" என்றாள். பாதி நாற்காலி.

கொஞ்ச நேரம் கழித்து, "நீதான் எழுதுனியா அந்தத் தாளை?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"ம்" என்றாள். நாற்பத்தியேழு தாளும் முடியும்வரை, விழாமல் இருக்க ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தேன்.

உன் தாளின் கடைசி வரியை மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டேன். கேட்கிற உரிமையை நான்தான் தொலைத்தேன். ஆனால் மே 11, கூட்ட வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை பஸ்ஸுக்கே வருகிறேன். நீ வேலையில் இருப்பாய், வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார். நீ சாயங்காலம் வருவதற்குள் அவரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

அதுவரை அவர் தெருவில் சொல்வதைச் சொல்லிக்கொள்ளட்டும். தடுக்காதே.

உன்
தங்கச்சி